பேச்சில்லாத இடம் வெட்டித் தரப்படும்

ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். இந்தத் தொழிலில் இதைத் தவிர வேறு ரகசியம் கிடையாது. போனிலிருந்து போனுக்குப் பாட்டு அனுப்புகிற மாதிரி இழுத்துப் போட முடியாது. டேப் சுற்றச் சுற்றத்தான் ஏறும். பக்கத்தில் ஓர் ஆள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்த ஆள் நான். பிளஸ் டூ பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டுக் கஷ்டம், அது இது என்று கதை கட்ட மாட்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒருத்தர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். விட்ட பிறகு கிடைத்த வேலை, ஒரே இடத்தில் உட்கார்ந்து ஊரார் பேசுவதையெல்லாம் கேட்கிற வேலை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஏதாவது ஒரு கடையில் கவுண்டருக்கு உள்பக்கம் நிற்கிறவராக இருந்தால் சிரிக்க மாட்டீர்கள்.

கடை பழனிசெட்டிபட்டியில் இருக்கிறது. ஜெராக்ஸ், செல்போன் ரிப்பேர், பாஸ்போர்ட் போட்டோ, மூலையில் நான். சேர்ந்த அன்றைக்கே ஓனர் சுருளி அண்ணன் ரெண்டு விதி சொன்னார். கேசட்டின் மேல்விளிம்பில் ரெண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். ஏ பக்கத்துக்கு ஒன்று, பி பக்கத்துக்கு ஒன்று. நாங்கள் அதைக் காது என்போம். காது இருக்கிறவரை அந்தப் பக்கத்தில் புதிதாகப் பதியலாம். கிள்ளிவிட்டால் பதியாது, உள்ளே இருப்பது பத்திரம். ஆகவே கேசட் கைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காதைக் கிள்ள வேண்டும். தப்பான பட்டனை அமுக்கினால் ஒருத்தர் வீட்டுக் கல்யாணமே அழிந்துபோகும். இது முதல் விதி. ரெண்டாவது, பேச்சில்லாத இடத்தை எல்லாம் வெட்டிவிட வேண்டும். அண்ணன் சொன்னது அப்படியே: "சும்மா கரகரன்னு ஓடுறதக் கேக்குறதுக்கா ஆளுக வர்றாக? வெட்டிக் கடாசு."

சட்டைக்குள் வந்த கேசட்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த கலையக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். திராட்சைத் தோட்டத்தில் வேலை. கொத்தைக் கையில் தாங்கிப் பிடித்து, அழுகின பழத்தை மட்டும் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்க வேண்டும். விரல் நுனியெல்லாம் கறை. பைக்குள்ளிருந்து பழைய ஆம்பளைச் சட்டை ஒன்றை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு கேசட். டேப் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. இதை ஏற்றுவதற்கு முன் பஞ்சை வைத்துக் கையாலேயே துடைக்க வேண்டும், நாளாகும் என்றேன். ஆகட்டும் என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகவே சொல்ல ஆரம்பித்தார். கவுண்டருக்கு உள்ளே நிற்கிறவர்களுக்குத் தெரியும், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது.

கலையக்கா வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா கொத்தனார் வேலைக்குத் துபாய் போய்விட்டார். அப்போது வீட்டில் போன் கிடையாது. அவர் அங்கே கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார். இங்கே அதைக் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் பதில் பேசி, போகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். ஒரே கேசட், போகும் வரும். கலையக்கா பிறந்த சேதியும் அப்படித்தான் போனது. அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்ததா, அவர் கேட்டாரா என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் சாரம் சரிந்து அப்பா இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம். ரூமில் கூட இருந்தவர்கள் அவருடைய பெட்டியை மட்டும் அனுப்பினார்கள். அதில் நாலைந்து துணியும் இந்தக் கேசட்டும். அம்மா அதைச் சட்டையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்தான், சாவியை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. இப்போதுதான் கொடுத்திருக்கிறார். கூடப்பிறந்த மூத்தவள் ராணி சின்ன வயதில் சண்டை வந்தால் ஒன்றே ஒன்று சொல்வாளாம்: 'அப்பா எனக்குத்தேன் அப்பா. உன்னய அவுகளுக்குத் தெரியவே தெரியாது.' இப்போது ராணி பேரன் எடுத்துவிட்டார். கலையக்கா அதை இன்னும் மறக்கவில்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே விதிப்படி நான் காதைக் கிள்ளப் போனேன். ஏ பக்கத்துக் காது ஏற்கனவே இல்லை. பி பக்கத்துக் காது இருந்தது. கிள்ளிக் குப்பைத் தட்டில் போட்டேன். கலையக்கா அதைக் கவனிக்கவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "பாப்பா, அப்பா என்ன பேசியிருந்தாலும் சரி. நான் பொறந்தது அவுகளுக்குத் தெரியுமா தெரியாதா, எனக்கு அது மட்டும் வேணும்."

சுண்ணாம்புக்கு அடியில்

கலையக்காவின் கேசட்டை நான் துடைத்துக்கொண்டிருந்த நாளில் குச்சனூரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். சட்டையில் மூன்று கலர். கேசட்டை நீட்டி, "எந்தம்பி பேசுனது. பஸ் கண்டக்டர் மாதிரியே பேசிக் காட்டுவான், அத்தன ஊர்ப் பேரும் வரிசையா சொல்லுவான்" என்றார். தம்பி சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டானாம். நான் கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். காது கிள்ளித்தான் இருந்தது, ஆனால் அந்த ஓட்டையின் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டால் மறுபடி பதியும். தம்பி போன பிறகு ரேடியோவிலிருந்து பாட்டுப் பதிவதற்கு இவரே ஒட்டினாராம். அப்போது புதுக் கேசட் கிடைக்கவில்லை, பாட்டு ஆசை, தம்பி குரல் அவசியப்படும் என்று தோன்றவில்லை.

ரெண்டு பக்கமும் முழுக்க ஓட்டினேன். பாட்டு, பாட்டு, பாட்டு. நடுவில் ஓர் ஊர்ப் பேர்கூட இல்லை. எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. "போச்சுண்ணே, அழிஞ்சிருச்சு" என்றேன். சுருளி அண்ணன் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னாலிருந்து முறைத்தார். பெயிண்டர் கோபப்படவில்லை. கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, டேப்பை நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சுண்ணாம்பு அடிச்ச செவுத்தச் சொரண்டுனா பழைய கலர் வருதுல்ல பாப்பா, இது வராதா?"

வழி விடுங்க

சின்னமனூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஓர் அம்மா. மகனுடைய காதுகுத்து விசேஷத்தில் மைக்செட்காரர் பதிந்து கொடுத்த கேசட்டை ஏற்றக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் வருவதுதான் பெரிய விஷயம். மேளத்தோடு தெருமுனையிலிருந்து வருவார்கள், மைக்கில் பேரைச் சொல்லி வரவேற்பார்கள். இந்த அம்மா என்னிடம் சொன்னது, அந்த இடத்தை மட்டும் வெட்டு என்று. தாய்மாமன் என்றால் இவருடைய கூடப்பிறந்த அண்ணன். அவரோடு பேச்சுவார்த்தை இல்லையாம். "அவன் பேரு என் வீட்டுக்குள்ள கேக்கக் கூடாது" என்றார். எனக்கென்ன, வெட்டினேன். மேளம் வந்து பாதியில் நின்று, அடுத்து நேராகச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கேட்டவருக்குத் திருப்தி. கேசட்டை இனி எதற்கு என்று அங்கேயே குப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

திராட்சை சீசன் ஒன்று முடிந்த பிறகு அதே அம்மா வந்தார். தலை சீவவில்லை. அண்ணன் மாரடைப்பில் போய்விட்டாராம். வெட்டின இடம் வேண்டும் என்றார். நான் சோம்பேறி. வெட்டுவதற்கு முந்தைய முழு ஃபைலை அழிக்கச் சொல்லி சுருளி அண்ணன் திட்டிக்கொண்டே இருப்பார், நான் அழிப்பதில்லை. முதல் தடவையாகச் சோம்பேறித்தனம் ஒருத்தருக்கு உதவியது. தேடி எடுத்து ஓடவிட்டேன். மேளச் சத்தத்துக்கு மேலே மைக்செட்காரர் கத்துகிறார்: தாய்மாமன் சீரோடு வர்றாக, வழி விடுங்க, வழி விடுங்க. அந்த அம்மா ஹெட்போனை ரெண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு கேட்டார். கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார். "வழி விடுங்கன்னு அன்னைக்கே சொல்லிருக்காக. நாந்தேன் விடல."

சாரின் பாடம்

ஒரு ரிட்டயர்டு சயின்ஸ் சார் ஒரு பை நிறையக் கேசட் கொண்டுவந்தார். எல்லாம் அவர் வகுப்பில் நடத்தின பாடம். நான் படிப்பை விட்டு ஓடி வந்ததே இதற்காகத்தான், இங்கேயும் வந்து நிற்கிறது பாருங்கள். ஹெட்போனுக்குள் ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. நான் ரெண்டு முறை தூங்கி விழுந்தேன்; ஏதோ ஒரு பெஞ்சில் ஒரு பையன் தும்ம, வகுப்பே கொல்லென்று சிரிக்க, முழித்துக்கொண்டேன்.

வாங்க வந்தவரிடம், "சார், பாடம் பூராத் தெளிவா இருக்கு. பிள்ளைக சத்தம் போடுற எடத்த மட்டும் வெட்டிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். சார் முகம் விழுந்துவிட்டது. தனியாக இருக்கிறார் என்று அண்ணன் பிறகுதான் சொன்னார். பிள்ளை கிடையாது, வீட்டுக்காரம்மா போன பிறகு வீட்டில் ஆள் சத்தமே இல்லையாம். சார் கேசட் பையைத் தடவிக்கொண்டே சொன்னார். "தலைகீழா வெட்டிட்டயேம்மா. பாடத்த எடுத்துரு, பிள்ளைக சிரிக்கிறத மட்டும் குடு; நான் நடத்துனத நானே முழுசாக் கேட்டதில்ல."

டீ வாங்கப் போன நேரம்

கலையக்கா கேசட்டில் பூஞ்சை போய்விட்டது. ஏ பக்கத்தை ஓடவிட்டேன். ஓர் ஆம்பளைக் குரலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் பொம்பளைக் குரல். கலையக்காவின் அம்மா. அப்பா பேசி அனுப்பின அதே பக்கத்தில், அவர் பேச்சின் மேலேயே, பதில் பேசியிருக்கிறார். பி பக்கத்துக்குத் திருப்பிப் போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை போல. எனக்குக் குச்சனூர் பெயிண்டர் ஞாபகம் வந்தது.

"ஏங்க, நாந்தேன் பேசுறேன்" என்று ஆரம்பித்து, யாரோ முன்னால் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி கூச்சத்தோடு நிறுத்தி நிறுத்திப் பேச்சு. "பொம்பளப் பிள்ள பொறந்துருக்கு. உங்க நெறம். பேரு என்ன வைக்கன்னு நீங்களே சொல்லி அனுப்புங்க. அதுவரைக்கும் பாப்பான்னே கூப்புடுறோம். இந்தா, பிள்ள கொரலக் கேளுங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. "தூங்குது. இருங்க, கிள்ளி விடுறேன்." அடுத்த நொடி ஓர் அலறல். என் காது அடைத்துவிட்டது. பிள்ளை அலற அலற அம்மா மைக்கை விடவில்லை. "கேட்டீகளா? ஏங்க, கேட்டீகளா?" டொக். பட்டனை அமுக்கிவிட்டார்கள்.

பேச்சு முடிந்தால் நிறுத்த வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். நான் ஏதோ யோசித்துத்தான் ஓடவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் டீ வாங்கிவரச் சொன்னார், போய்விட்டேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டரில் கோடு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ஹெட்போனை மாட்டினால் ஆம்பளைக் குரல். அம்மாவின் பேச்சு குட்டை, அப்பாவின் பேச்சு நீளம். அம்மா நிறுத்தின இடத்துக்கு அப்புறம் இருந்ததை எதுவும் அழிக்கவில்லை. அவர் பேச்சின் வால் அப்படியே இருந்தது. டீ ஆறிப்போனதற்கு அண்ணன் திட்டினது என் காதில் விழவில்லை.

கலையக்காவுக்குப் போன் போட்டேன். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். தன் அலறலைக் கேட்டுச் சிரித்தார். அம்மா "கேட்டீகளா" என்றபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அந்த வால். "...வடக்கு வாய்க்கா ஒடப்ப அடைக்கச் சொல்லு. ராணிய அடிக்காத, சின்னப் பிள்ள. கொலுசு வாங்கி வச்சுருக்கேன் அவளுக்கு. வேற என்ன... ரூமுக்கு ஆளு வந்துட்டாக. நீ பேசி அனுப்பு. பேச ஒண்ணும் இல்லாட்டியும் சும்மா ஓடவிட்டு அனுப்பு, வீட்டுச் சத்தமாச்சும் கேக்கும்." அவ்வளவுதான். கலையக்கா அந்தக் குரலைப் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. திருப்பித் திருப்பிப் போடச் சொன்னார். எனக்குப் பின்னால் ரெண்டு பேர் போட்டோவுக்கு நின்றார்கள், நான் கண்டுகொள்ளவில்லை.

பி பக்கம் காலி என்று சொன்னேன். ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததில் கரகரப்புத்தான். அவர் கேட்ட கேள்விக்கும் உள்ளதைச் சொன்னேன்: இது நீங்கள் பிறப்பதற்கு முந்திப் பேசினது, இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம், எனக்கு வராது. கலையக்கா ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார். "நல்லாத்தேன் பேசுறாக. பாத்தியா பாப்பா, இதுலயும் ராணி பேருதேன் இருக்கு."

ஏசுகிற குரல்

தொண்டையில் ஆபரேஷன் செய்து பேச்சு போய்விட்ட ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு அவர் மனைவி வந்தார். கேரள எல்லையில் லோயர் கேம்ப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவராம்; மலையாளிகளோடு மலையாளத்திலும் நம்மாட்களோடு தமிழிலும் நாள் பூராவும் கத்துகிற ஆளாம். இப்போது கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார். கொண்டுவந்தது ஒரு கல்யாண வீட்டுக் கேசட். அதில் எங்கேயாவது அவர் குரல் இருக்கும் என்று நம்பிக்கை. மாப்பிள்ளை வீட்டாரோடு அவர் சிரித்துப் பேசின இடம் ஒன்றைக் கண்டுபிடித்துப் போட்டுக் காட்டினேன். பெரியவர் தலையைத் தலையை ஆட்டினார், நான்தான் நான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மனைவிக்கு அது போதவில்லை. என் பக்கம் சாய்ந்து கேட்டார். "இது ஊராருக்குப் பேசுற கொரலுத்தா. என்னய ஏசுற மாதிரி எங்கனயாச்சும் இருக்கா பாரு."

கிள்ளினது யார்

குப்பைத் தட்டு நிறைந்துவிட்டது, கொட்டிவிட்டு வா என்றார் அண்ணன். தட்டு முழுக்க நான் கிள்ளிப்போட்ட காதுகள். எல்லாம் ஒரே கருப்பு. கொட்டப் போன இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கலையக்கா கேசட்டில் நான் ஒரு காதைத்தான் கிள்ளினேன். ஏ பக்கத்துக் காது முன்பே போயிருந்தது. ஆனால் அம்மா பேசும்போது அது இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்மா குரலே பதிந்திருக்காது. அதற்குப் பிறகு யாரோ கிள்ளியிருக்கிறார்கள். தட்டோடு கடைக்குள் திரும்பி ஓடிவந்தேன். அண்ணன், "ஏய், குப்பைய எதுக்குடி உள்ள கொண்டுவர்ற?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

பென் டிரைவ் வாங்கக் கலையக்கா வந்ததும், அம்மாவுக்குப் போன் போடுங்கள், ஒன்று கேட்க வேண்டும் என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். ஹெட்போனில் கேட்ட அதே குரல்தான், வயசு மட்டும் ஏறியிருந்தது. கேசட்டின் காதை நீங்கள் கிள்ளினீர்களா என்று நான் கேட்டதும் எரிச்சலாகப் பதில் வந்தது. "அத எதுக்குத்தா நான் கிள்ளுறேன்? கிள்ளுனா அவுக எப்படித் திருப்பிப் பேசி அனுப்புவாக? கிள்ளவே கூடாதுன்னு சொல்லிட்டுத்தான போனாக." பெட்டி வந்த பிறகு? "சட்டையில சுத்தி வச்சதோட சரி. கண்ணால பாக்கவே மாட்டேன், கிள்ளுறேனாம்ல."

போனை வைத்தபிறகு கலையக்காவிடம் சொன்னேன். எனக்கு அழகாகச் சொல்ல வரவில்லை, கேசட்டைக் கையில் பிடித்துக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அம்மா கிள்ளவில்லை. பெட்டிக்குள் போனதை யாரும் தொடவில்லை. ரூமில் கூட இருந்தவர்களுக்கு அடுத்தவர் கேசட்டைக் கிள்ள வேலை இல்லை. மிச்சம் ஓர் ஆள்தான். உங்கள் அம்மா பேசினதையும் நீங்கள் அலறினதையும் அவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, இதன் மேல் இனி எதுவும் பதியக் கூடாது என்று இந்தப் பக்கத்துக் காதை அவரே கிள்ளியிருக்கிறார். கிள்ளவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன். பி பக்கத்துக் காதை அவர் கிள்ளவில்லை. பதில் பேசுவதற்கு அதை விட்டு வைத்திருக்கிறார். அதைக் கிள்ளினது நான். அந்தத் துண்டையாவது கொடுக்கலாம் என்று தட்டில் தேடினேன், எது என்று தெரியவில்லை அக்கா.

கலையக்கா அழவில்லை. அந்த ஓட்டையில் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை அவருக்குப் பேரே கிடையாதாம், பாப்பாதான். ஹெட்மாஸ்டர் கேட்டபோது அம்மா பேசாமல் நின்றதால், அவராகக் கலைச்செல்வி என்று எழுதிக்கொண்டாராம். பி பக்கத்தைப் போடச் சொன்னார். நான்தான் காலி என்று சொன்னேனே, என்றேன். பரவாயில்லை, போடு என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். அரை மணி நேரக் கரகரப்பு. வேறு நாளாக இருந்தால் நான் எழுந்து ஓடியிருப்பேன். சுருளி அண்ணன் எட்டிப் பார்த்தார், ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தினார். பிரதி எடுக்க வந்த ஆள் என்னமோ ஏதோவென்று தானும் நின்று கேட்டார். டேப் கடைசிக்கு வந்து டொக்கென்று நின்றது. ஒரு வார்த்தை இல்லை. பழக்க தோஷத்தில், "இத வெட்டிரவாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

கலையக்கா கறை பிடித்த விரலால் என் கையை மௌஸிலிருந்து எடுத்துவிட்டார். "வெட்டாத பாப்பா, என் பேரச் சொல்றதுக்கு அவுக விட்டு வச்ச எடம் அது, அப்படியே குடு, நான் ராணிக்குப் போட்டுக் காட்டணும்."

பேச்சில்லாத இடத்தை வெட்டித் தருவதுதான் என் வேலை, அதில் வெட்டாமல் கொடுத்தது அந்த அரை மணி நேரம் ஒன்றுதான். அதற்கும் என்ன பேர் போட்டுச் சேமிக்க என்று கம்ப்யூட்டர் கேட்டபோது, வாய்க்கு வாய் பேசுகிற நான் கீபோர்டைக் கலையக்கா பக்கம் நகர்த்தி வைத்தேன்.